இயற்பியலில் அளவீடும் இயக்கமும்: எந்த வரிசையில் கற்பது, எங்கே சறுக்குகிறது

இயக்கப் பாடத்தில் திணறும் மாணவரைக் கேட்டுப் பாருங்கள், மூன்று சமன்பாடுகளையும் பிழையில்லாமல் சொல்வார். எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்பதில்தான் நின்றுவிடுவார். படித்த வரிசைதான் இதற்குக் காரணம். அலகும் குறியும் வரைபடமும் கைவராமல் சமன்பாட்டைத் தொட்டால் அது வெறும் எழுத்துக் கூட்டம். இந்த வழிகாட்டி அலகில் தொடங்கி, அளவி, நேரம், திசை, வரைபடம் என்று போய், சமன்பாட்டைக் கடைசியில்தான் கையில் எடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இருப்பவருக்கும் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தவருக்கும் இதே வரிசை பொருந்தும்.

தொடங்கும் முன் தேவையானவை

வெர்னியர் அளவி, திருகு அளவி, மீட்டர் அளவுகோல், கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச், கிராஃப் தாள். ஊசலுக்கு இழுபடாத நூலும் ஓர் உலோகக் குண்டும் நடுவே பிளந்த தக்கையும். சாய்தளத்துக்கு, வீட்டில் மின்வயர் ஓட்டப் பயன்படும் ஒரு இஞ்ச் பி.வி.சி. கேசிங் பட்டை ஒன்று (அடி தட்டையாக, ப வடிவில் இருப்பது), ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு, ஒரு ரசமட்டம். கேசிங் பட்டை மின்சாமான் கடையில் கிடைக்கும். மூடியைக் கழற்றி வைத்துவிடலாம்.

கணக்கில் தேவைப்படுவது பின்னம், பத்தின் அடுக்குகள், ஒருபடிச் சமன்பாடு, ஒரே ஓர் இடத்தில் இருபடிச் சமன்பாடு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

1. அலகை எண்ணோடு சேர்த்தே எழுதுதல்

விடைக்கு மட்டும் அலகு போட்டால் மதிப்பெண் கிடைக்கலாம், தவறு பிடிபடாது. கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். மணிக்கு 72 கி.மீ. என்பதை 72 × 1000 மீ ÷ 3600 வி என்று விரித்து எழுதினால் 20 மீ/வி வரும். 5/18 ஆல் பெருக்குவதா, 18/5 ஆல் பெருக்குவதா என்ற குழப்பம் அப்படி விரித்து எழுதுபவருக்கு வருவதில்லை.

பரப்பிலும் பருமனிலும் அலகு மாற்றும்போது அதிகம் பேர் விழுகிறார்கள். ஒரு செ.மீ. 0.01 மீட்டர்தான், ஆனால் ஒரு சதுர செ.மீ. 0.0001 சதுர மீட்டர், ஒரு கன செ.மீ. 0.000001 கன மீட்டர். அலகுக்கு வர்க்கம் வந்தால் மாற்றும் எண்ணுக்கும் வர்க்கம் வரவேண்டும். கண்ணாடியின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 2.5 கிராம், அதையே கன மீட்டருக்கு 2500 கிலோகிராம் என்று கொண்டுவர முடிந்தால் இந்தப் படி முடிந்தது.

அலகை எழுதுவதில் இன்னொரு லாபம் உண்டு. இடப்பெயர்ச்சிக்கான சமன்பாட்டில் நேரத்தின் வர்க்கத்துக்குப் பதில் வெறும் நேரத்தைப் போட்டுவிட்டால், அந்த உறுப்பு மீட்டரில் வராமல் மீ/வி என்று வரும். மீட்டரோடு அதைக் கூட்ட முடியாது, எனவே தவறு அங்கேயே தெரிந்துவிடும். பாதி என்ற காரணி விடுபட்டால் மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, ஏனெனில் பாதிக்கு அலகு கிடையாது.

2. வெர்னியர் அளவி: நான்கு அடி, இந்த வரிசையில் மட்டும்

முதலில் மீச்சிற்றளவு, அதாவது கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு. எல்லா வெர்னியருக்கும் 0.01 செ.மீ. என்று எழுதிவிடும் பழக்கத்தை விடுங்கள். வெர்னியரின் 10 பிரிவுகள் முதன்மைக் கோலின் 9 மி.மீ.க்குச் சமமாக இருந்தால் ஒரு பிரிவின் வேறுபாடு 0.1 மி.மீ. வரும். 50 பிரிவுகள் 49 மி.மீ.க்குச் சமமாக உள்ள கருவிகளும் ஆய்வகத்தில் உண்டு. அங்கே அது 0.02 மி.மீ. கையில் இருக்கும் கருவியை எண்ணிப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

இரண்டாவது சுழிப்பிழை. தாடைகளைத் துடைத்துவிட்டு மூடுங்கள். இடையில் ஒரு தூசு இருந்தாலும் அது பிழையாகக் கணக்கில் ஏறிவிடும். வெர்னியரின் சுழி முதன்மைக் கோலின் சுழிக்கு வலப்பக்கம் நின்றால் பிழை நேர்க்குறி. வெர்னியரின் மூன்றாம் பிரிவு முதன்மைக் கோலின் ஏதாவது ஒரு கோட்டோடு நேராகப் பொருந்தினால் (ஒன்றினால்) பிழை +0.3 மி.மீ., திருத்தம் −0.3 மி.மீ.

இடப்பக்கம் நின்றால் எதிர்க்குறி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏழாம் பிரிவு ஒன்றினால் பிழை −0.7 அல்ல; 10 − 7 = 3 பிரிவுகள், அதாவது −0.3 மி.மீ. திருத்தம் +0.3 மி.மீ. வெர்னியர் பிரிவுகள் இடமிருந்து வலமாக எண்ணப்படுகின்றன. சுழி பின்னோக்கி எவ்வளவு நகர்ந்தது என்பதோ கடைசிப் பிரிவிலிருந்து எண்ணினால்தான் தெரியும்.

மூன்றாவது, பொருளை வைத்து அளத்தல். முதன்மைக் கோல் அளவு என்பது வெர்னியரின் சுழிக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம் உள்ள கோடு. வெர்னியர் தகட்டின் விளிம்பைப் பார்த்து வாசிப்பது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு. தகடு சுழிக்கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் முன்பே தொடங்கிவிடுகிறது. ஒன்றிப்பைப் பார்க்கும்போது கண் கோட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். சாய்வாகப் பார்த்தால் பக்கத்துக் கோடு ஒன்றியதுபோலத் தெரியும். இடமாறு தோற்றப்பிழை என்பது இதுதான்.

கடைசியாகத் திருத்தத்தைச் சேருங்கள். ஒரு கோலிக்குண்டுக்கு முதன்மைக் கோல் அளவு 16 மி.மீ., ஒன்றிப்பு 4, திருத்தம் −0.3 மி.மீ. என்றால் விட்டம் 16 + 0.4 − 0.3 = 16.1 மி.மீ. குண்டைத் திருப்பித் திருப்பி ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். கோலிக்குண்டுகள் முழு உருண்டை அல்ல. வேறுபாடு கருவியிலேயே தெரியும்.

3. திருகு அளவி

வெர்னியர் புரிந்தவருக்கு இது எளிது. மூன்று எச்சரிக்கை போதும்.

புரியிடைத் தூரத்தைச் சோதியுங்கள். சுழலும் தலைக்கோலில் 100 பிரிவுகள் இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்குப் பொதுவாக 1 மி.மீ. நகரும், 50 பிரிவுகள் இருந்தால் 0.5 மி.மீ. இரண்டிலும் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.தான். ஆனால் இரண்டாவது வகையில், சுழலாத நேர்க்கோலான புரிக்கோலில் அரை மில்லிமீட்டர் கோடு வெளியே தெரிகிறதா என்று பார்க்காவிட்டால் விடையில் நேராக 0.5 மி.மீ. தவறும். மெல்லிய கம்பியின் தடிமன் எதிர்பாராத அளவு குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

திருகின் நுனியில் உள்ள சிறு ராட்செட்டைப் பிடித்தே இறுக்குங்கள். கையின் பலம் கம்பியை நசுக்கிவிடும். அளக்கும்போது திருகை ஒரே திசையில் நகர்த்துங்கள். புரிகளுக்கு இடையே சிறு தளர்வு இருப்பதால் முன்னும் பின்னும் திருகினால் தலை சுற்றும், முனை நகராது.

4. எத்தனை இலக்கம் எழுதலாம்

கால்குலேட்டர் காட்டுவதை அப்படியே பதிவேட்டில் எழுதுவது அளவீட்டை மறுப்பதற்குச் சமம். மேலே வந்த 16.1 மி.மீ. விட்டத்துக்குப் பருமன் கணக்கிட்டால் திரையில் 2.18512 கன செ.மீ. என்று வரும். விட்டத்தில் முக்கிய எண்ணுருக்கள் மூன்று. எனவே விடை 2.19 கன செ.மீ.

ஏன் மூன்றுக்கு மேல் கூடாது? விட்டத்தில் 0.1 மி.மீ. ஐயம் இருக்கிறது, அது 16.1இல் சுமார் 0.6 விழுக்காடு. பருமனில் விட்டம் மூன்று முறை பெருக்கப்படுவதால் ஐயமும் மும்மடங்காகி 1.9 விழுக்காடு ஆகிறது. அதாவது 2.19 ± 0.04. இரண்டாம் தசம இடமே ஆடும்போது ஐந்தாம் இடத்தை எழுதுவதில் பொருளில்லை.

அடுக்கு வந்தால் ஐயம் பெருகும் என்பதை இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் நேரத்தின் வர்க்கம் வருகிறது.

5. நேரத்தை அளக்கத் தனி ஊசல்

ஸ்டாப்வாட்ச் 0.01 விநாடி காட்டுகிறது என்பதால் அளவீடும் அவ்வளவு நுட்பம் என்று நினைக்காதீர்கள். அழுத்துவது விரல். மனிதரின் எதிர்வினை நேரம் ஏறத்தாழ 0.2 விநாடி. ஊசலின் நோக்கமே இந்த 0.2 விநாடியை எப்படிச் சிறிதாக்குவது என்று கற்பதுதான்.

நூலைப் பிளந்த தக்கையின் நடுவே நெருக்கிப் பிடிக்கச் செய்யுங்கள். ஆணியில் சுற்றிக் கட்டினால் ஆடும்போது நூல் ஆணியைத் தழுவித் தழுவி நீளம் மாறிக்கொண்டே இருக்கும். நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. எனவே நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைக் கூட்டவேண்டும். வெர்னியரை முதலில் படித்தது இதற்கும்தான்.

ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்பி வரும் நேரம்) சுமார் 2 விநாடி. ஓர் அலைவை மட்டும் அளந்தால் 0.2 விநாடி என்பது 10 விழுக்காடு. ஈர்ப்பு முடுக்கத்தில் அது 20 விழுக்காடாக ஏறும், ஏனெனில் அங்கே நேரத்தின் வர்க்கம் இருக்கிறது. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் நாற்பது விநாடியில் அதே 0.2 விநாடி, பிழை 0.5 விழுக்காடு, முடுக்கத்தில் 1 விழுக்காடு. கருவி மாறவில்லை, அளந்த முறைதான் மாறியது.

எண்ணத் தொடங்குவது குண்டு நடுநிலையைக் கடக்கும்போது. அங்கே வேகம் அதிகம், எனவே கடக்கும் கணம் தெளிவு. விளிம்பில் குண்டு தயங்கித் திரும்புவதால் எந்தக் கணம் என்று கண் தடுமாறும். நடுநிலைக்கு நேர் பின்னால் சுவரில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரே திசையில் கடப்பதை மட்டும் எண்ணுங்கள்.

வாட்ச்சை அழுத்தும்போது சொல்லவேண்டிய எண் "சுழி". "ஒன்று" என்று தொடங்கினால் 20 சொல்லும்போது நடந்திருப்பது 19 அலைவுகள். நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து 39.48 ஆல் பெருக்கினால் (பையின் வர்க்கத்தை நான்கால் பெருக்கிய எண் இது) ஈர்ப்பு முடுக்கம் வரும். 9.8 மீ/வி²க்குப் பதில் 10.9 பக்கம் வந்தால், வேறெதையும் தேடவேண்டாம்; ஓர் அலைவு தவறியிருக்கிறது.

வீச்சு (நடுநிலையிலிருந்து குண்டை இழுத்துவிடும் கோணம்) 10 பாகைக்குள் இருக்கட்டும். 10 பாகையில் அலைவு நேரம் சுமார் 0.2 விழுக்காடுதான் கூடும். 30 பாகையில் 1.7 விழுக்காடு ஆகிவிடும். குண்டு வட்டமடிக்காமல் ஒரே தளத்தில் ஆடவேண்டும். கையால் தள்ளாமல், இழுத்துவைத்து விட்டுவிட்டால் அது தானாக நேராக ஆடும்.

60, 80, 100, 120 செ.மீ. என நான்கு நீளங்களுக்கு அளந்து, அலைவு நேரத்தின் வர்க்கத்தைக் கிடை அச்சிலும் நீளத்தை நிலை அச்சிலும் குறித்து நேர்கோடு வரையுங்கள். சாய்வை 39.48 ஆல் பெருக்கினால் போதும். இந்த வழியை ஒற்றை அளவீட்டைவிடப் பலமடங்கு சிறந்ததாகக் கருதலாம், காரணம் இது: குண்டின் ஆரத்தைக் கூட்ட மறந்திருந்தாலும் கோடு ஒட்டுமொத்தமாகக் கீழே நகருமே தவிர அதன் சாய்வு மாறாது. விடை கெடாது; கோடு தொடக்கப்புள்ளி வழியே போகாததைப் பார்த்துத் தவறையும் கண்டுபிடித்துவிடலாம்.

6. தொடக்கப்புள்ளியும் நேர்த்திசையும்

இனி இயக்கம். எந்தக் கணக்கானாலும் முதல் வேலை ஒரு கோடு வரைந்து அதில் சுழி எங்கே, நேர்த்திசை எது என்று அம்புக்குறி போடுவது. கணக்கு முடியும்வரை அதை மாற்றக்கூடாது. பாதியில் பொருள் திரும்பினாலும் அம்பு திரும்பாது.

தூரம் என்பது நடந்த பாதை முழுவதும்; இடப்பெயர்ச்சி தொடக்கத்திலிருந்து முடிவுக்கு நேராகப் போகும் அம்பு. கிழக்கே 30 மீட்டரும் பிறகு வடக்கே 40 மீட்டரும் நடந்தால் தூரம் 70 மீட்டர். இடப்பெயர்ச்சி 50 மீட்டர், கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 53 பாகை. திசையைச் சொல்லாமல் "50 மீட்டர்" என்று நிறுத்தினால் விடை பாதிதான்.

சராசரி வேகத்தில் எல்லோருக்கும் வரும் சறுக்கல் ஒன்று. 60 கி.மீ. தொலைவை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போய், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி 45 அல்ல. போக 2 மணி, திரும்ப 1 மணி, மொத்தம் 120 கி.மீ.; சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. மெதுவாகப் போன பகுதியில் அதிக நேரம் செலவானதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. சராசரித் திசைவேகமோ (இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தது) சுழி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால்.

முடுக்கத்தின் குறியைப் பற்றி ஒன்று மட்டும் மனத்தில் இருத்துங்கள்: எதிர்க்குறி முடுக்கம் என்றால் வேகம் குறைகிறது என்று பொருள் அல்ல. திசைவேகத்தின் குறியும் முடுக்கத்தின் குறியும் ஒன்றானால் வேகம் கூடும், மாறுபட்டால் குறையும். மேலே எறிந்த பந்துக்கு மேல்நோக்கியது நேர்த்திசை என்று வைத்தால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் முடுக்கம் −9.8 மீ/வி²தான். உச்சியில் திசைவேகம் மட்டுமே சுழி. முடுக்கமும் அங்கே சுழியாகிவிட்டால் பந்து அந்தரத்தில் அப்படியே நின்றுவிட வேண்டியதுதான்.

7. வரைபடம்: இங்கே அவசரப்பட வேண்டாம்

இந்தப் படியில் மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் செலவிடுங்கள். சமன்பாடுகள் மூன்றும் இதற்குள்ளேதான் இருக்கின்றன.

வாசிக்கும் முன் நிலை அச்சில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கிடையாக ஓடும் ஒரு கோடு, இடப்பெயர்ச்சி வரைபடத்தில் "பொருள் நிற்கிறது" என்று சொல்லும். திசைவேக வரைபடத்தில் "சீராக ஓடுகிறது" என்று சொல்லும். ஒரே கோடு, வேறு வேறு செய்தி. வரைபடத்தைப் பொருள் போன பாதையின் படம் என்று எண்ணுவது அடுத்த தவறு. மேலேறும் கோட்டைப் பார்த்து "மலை ஏறுகிறது" என்பவர்கள் உண்டு. நேர்ச்சாலையில் ஓடும் பேருந்துக்கும் கோடு மேலே ஏறும்.

இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்தின் சாய்வு திசைவேகம். திசைவேக–நேர வரைபடத்தின் சாய்வு முடுக்கம், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. பரப்பு எப்படி நீளமாகும் என்ற கேள்வி நியாயமானது. கிடை அச்சில் விநாடி, நிலை அச்சில் மீ/வி; இரண்டையும் பெருக்கினால் மீட்டர். அலகே பதில் சொல்கிறது.

ஒரு பேருந்து முதல் 10 விநாடியில் சுழியிலிருந்து 20 மீ/வி எட்டுகிறது; அடுத்த 20 விநாடி அதே வேகம்; பிறகு 5 விநாடியில் நின்றுவிடுகிறது. கிடை அச்சில் 1 செ.மீ.க்கு 5 விநாடி, நிலை அச்சில் 1 செ.மீ.க்கு 5 மீ/வி என்று அளவு எடுங்கள். சாய்வுகள் முறையே 2, 0, −4 மீ/வி². பரப்புகள் 100, 400, 50 மீட்டர், மொத்தம் 550 மீட்டர். தாளில் ஒரு சதுர செ.மீ.யின் மதிப்பு 25 மீட்டர். எண்ணிப் பார்த்தால் 22 சதுர செ.மீ. இருக்கும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் பரப்பின் பொருள் மனத்தில் நிலைத்துவிடும்.

சொந்த அளவீடுகளை வரையும்போது கவனிக்கவேண்டியவை சில. அச்சு அளவுக்கு 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்குகளை எடுங்கள். 3, 7 எடுத்தால் இடைப்பட்ட புள்ளியைக் குறிக்கவே முடியாது. புள்ளிகளை ஒவ்வொன்றாக இணைக்காதீர்கள். இருபுறமும் புள்ளிகள் ஏறத்தாழச் சமமாக விழும்படி ஒரே நேர்கோடு போடுங்கள். சாய்வுக்கு அளந்த புள்ளிகளை எடுக்காமல், கோட்டின் மேலேயே தொலைவில் உள்ள இரு இடங்களை எடுங்கள். அருகருகே எடுத்தால் வாசிப்பில் வரும் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். பாகைமானியால் கோணத்தை அளந்து சாய்வு கண்டுபிடிக்க முயலாதீர்கள். அச்சு அளவை மாற்றினால் அந்தக் கோணமும் மாறிவிடும், பேருந்தின் முடுக்கம் மாறாது.

8. இப்போது சமன்பாடுகள்

முடுக்கம் மாறாத இயக்கத்துக்குத் திசைவேகக் கோடு நேர்கோடு. அதன் சாய்விலிருந்து முதல் சமன்பாடு வருகிறது:

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம்

கோட்டுக்குக் கீழே ஒரு செவ்வகமும் அதன்மேல் ஒரு முக்கோணமும் இருக்கின்றன. அவற்றின் பரப்புகளைக் கூட்டினால் இரண்டாவது:

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²

பாதி எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரியும், முக்கோணத்தின் பரப்பிலிருந்து. இவை இரண்டிலும் நேரத்தை நீக்கினால் மூன்றாவது:

இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி

முடுக்கம் மாறினால் இவற்றில் எதுவும் செல்லாது. மேலே சொன்ன பேருந்தின் 35 விநாடிக்கும் சேர்த்து ஒரே சமன்பாட்டைப் போடமுடியாது; மூன்று பகுதிகளாக வெட்டவேண்டும்.

எதைத் தேர்வது? ஐந்து அளவுகளையும் ஒரு பட்டியலாக எழுதி, தெரிந்ததற்கு எதிரே குறியோடு மதிப்பைப் போடுங்கள். மூன்று தெரியும், ஒன்று கேட்கப்பட்டிருக்கும், ஒன்று எதற்கும் தேவைப்படாது. தேவைப்படாதது இடப்பெயர்ச்சியானால் முதல் சமன்பாடு, இறுதித் திசைவேகமானால் இரண்டாவது, நேரமானால் மூன்றாவது. "நின்ற நிலையிலிருந்து" என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி. "தரையில் விழுந்தது" என்றால் இறுதித் திசைவேகம் சுழி என்று எழுதாதீர்கள்; கேட்பது தரையைத் தொடுவதற்குச் சற்று முந்தைய கணத்தை. தொட்ட பிறகு முடுக்கமே வேறு.

24.5 மீட்டர் உயர மாடியிலிருந்து 19.6 மீ/வி வேகத்தில் ஒரு பந்து மேலே எறியப்படுகிறது. தரையை எப்போது தொடும்? சுழி மாடியில், மேல்நோக்கியது நேர்த்திசை. இடப்பெயர்ச்சி −24.5 மீ, தொடக்கத் திசைவேகம் +19.6 மீ/வி, முடுக்கம் −9.8 மீ/வி². இரண்டாவது சமன்பாட்டில் இட்டு 4.9 ஆல் வகுத்தால், நேரம்² − 4 × நேரம் − 5 = 0. விடைகள் 5, −1. எறிந்த பிறகு நடப்பதைக் கேட்பதால் 5 விநாடி.

இதையே ஏற்றம், இறக்கம் என்று வெட்டியும் சரிபாருங்கள். உச்சிக்கு 2 விநாடி, அங்கே உயரம் மாடியிலிருந்து 19.6 மீ, தரையிலிருந்து 44.1 மீ, அதிலிருந்து விழ 3 விநாடி. மொத்தம் 5. குறியைச் சரியாகப் போட்டவருக்கு வெட்டவேண்டிய தேவையே இல்லை என்பது இங்கே விளங்கும்.

இன்னொரு கணக்கைச் சாலைக்காகவே செய்துபாருங்கள். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து 4 மீ/வி² வீதத்தில் பிரேக் பிடித்தால் நிற்க 50 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் பார்த்துக் கால் வைப்பதற்குள் 1 விநாடி போனால் இன்னொரு 20 மீட்டர். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் பிரேக் தூரம் 12.5 மீட்டர்தான். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. சாலையைக் கடக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

9. எல்லாவற்றையும் ஒருசேரச் சோதித்தல்: சாய்தளத்தில் கோலி

முதலில் மேசையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டமில்லாத மேசை சாய்வின் அளவையே பொய்யாக்கும். கேசிங் பட்டையை நேரான மரப்பலகை மேல் வைத்து ஒட்டுங்கள். இரு முனையில் மட்டும் தாங்கினால் நடுவில் தொய்யும்; மேல்பாதி செங்குத்தாகவும் கீழ்ப்பாதி மட்டமாகவும் ஆகி முடுக்கம் மாறிக்கொண்டே போகும்.

150.0 செ.மீ. நீளத்துக்கு ஒரு முனை 3.0 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். கோணத்தைப் பாகைமானியால் அளக்காதீர்கள். ஒரு பாகைக்குச் சற்றே கூடுதலான கோணத்தை அதில் வாசிக்க இயலாது. உயரத்தை நீளத்தால் வகுத்தால் சைன் மதிப்பு 0.020 நேரடியாகக் கிடைக்கும்.

கோலியின் முன்விளிம்பு தொடும்படி ஓர் அட்டையை வைத்துத் தடுத்து, அட்டையை முன்னோக்கி வேகமாக எடுங்கள். பின்னால் பிடித்திருக்கும் விரலை எடுத்தால் சிறு தள்ளல் சேர்ந்துவிடும். முடிவில் ஒரு மரத்துண்டை வையுங்கள். "டொக்" என்ற ஓசை நிறுத்தும் கணத்தைத் தெளிவாக்கும். முன்விளிம்பிலிருந்து புறப்பட்டதால் தூரத்தையும் மரத்துண்டின் முகம் வரை அளக்கவேண்டும். மையத்தையும் விளிம்பையும் கலந்தால் 8 மி.மீ. தவறும்.

0.30, 0.60, 0.90, 1.20 மீட்டர்களுக்கு ஐந்து ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். கணக்குப்படி வரவேண்டிய நேரங்கள் 2.07, 2.93, 3.59, 4.14 விநாடி. தூரம் நான்கு மடங்கானபோது நேரம் இரண்டு மடங்குதான் ஆகியிருப்பதைக் கவனியுங்கள். நேரத்தின் வர்க்கத்துக்கு எதிராகத் தூரத்தை வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்வு 0.070. முடுக்கம் அதன் இருமடங்கு, 0.14 மீ/வி².

இங்கே பலர் அளவீட்டின் மேல் சந்தேகப்படுவார்கள், ஏனெனில் 9.8 × 0.020 = 0.196 என்று எதிர்பார்த்திருப்பார்கள். அது வழுக்கிச் செல்லும் பொருளுக்கு. உருளும் குண்டு முன்னே போவதோடு சுழலவும் வேண்டியிருக்கிறது. ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. திண்ம உருண்டைக்கு மிஞ்சுவது 5/7 பங்கு, அதாவது 0.14. குண்டின் நிறையோ அளவோ இதில் வராது. சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்புக் குண்டை உருட்டினாலும் நேரம் மாறக்கூடாது.

இறுதித் திசைவேகம் கேட்டால் 1.20 ÷ 4.14 = 0.29 மீ/வி என்று எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு. அது சராசரி. நின்ற நிலையிலிருந்து சீராக முடுக்கப்பட்டதால் இறுதியில் அதன் இருமடங்கு, 0.58 மீ/வி.

உயரத்தில் 1 மி.மீ. ஐயம் என்பது 3.3 விழுக்காடு, நேரத்தில் 0.1 விநாடி ஐயம் வர்க்கத்தில் சுமார் 5 விழுக்காடு. எனவே 0.13 முதல் 0.15 வரை எது வந்தாலும் அளவீடு சரி. அதைத் தாண்டினால் ஒவ்வொரு தூரத்தையும் அதன் நேர வர்க்கத்தால் வகுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கவேண்டும். தூரம் கூடக் கூட அந்த எண் ஏறினால் குறை நேர அளவீட்டில்: வாட்ச் ஒவ்வொரு முறையும் தாமதமாக நின்றிருக்கிறது, குறுகிய ஓட்டத்தை அது அதிகம் பாதித்திருக்கிறது. இறங்கினால் விடும்போது தள்ளியிருக்கிறீர்கள், அல்லது பட்டை தொய்ந்திருக்கிறது; பட்டையின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் தொய்வு தெரிந்துவிடும். நான்கும் ஒன்றாக இருந்தும் விடை மட்டும் விலகினால் உயரத்தை மறுபடி அளங்கள்.

எண்கள் ஒத்துவந்த பிறகு உயரத்தை 6.0 செ.மீ. ஆக்குங்கள். குண்டை விடுவதற்கு முன்பே 1.20 மீட்டருக்கான நேரத்தைக் கணக்கிட்டுத் தாளில் எழுதிவையுங்கள்: 2.93 விநாடி. பிறகு அளங்கள்.